ஊசி விட்டு எடுக்க முடியாத நீர்

“சிஸ்டர், நுரையீரல்ல நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொல்லிட்டுப் போறாரு. அப்ப ஊசியை விட்டு எடுத்துர வேண்டியதுதான? எங்க மாமாவுக்கு அப்புடித்தான் ரெண்டு லிட்டர் எடுத்தாக. மறுநாளே எந்திரிச்சு உக்காந்துட்டாரு.”

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். தம்பி உள்ளே வென்டிலேட்டரில். மதுரையில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. மேலூர்க்காரரும் கேட்பார், திருமங்கலத்துக்காரரும் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பார்வையாளர் நேரத்தில் வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாது. “அது வேற நீரு, இது வேற நீருண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். அந்த ‘வேற’ என்ன என்பதை இங்கே உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கதை. அவருக்கு எடுத்த நீர் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்கு மெல்லிய உறை உண்டு. காசநோயாலோ வேறு காரணத்தாலோ அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே நீர் சேரும். ஒரே குளமாக ஓரிடத்தில் நிற்பதால், விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு இழுத்தால் வந்துவிடும். அழுத்தம் போனதும் நுரையீரல் விரியும், மாமா எழுந்து உட்காருவார்.

தம்பிக்கு நீர் இருப்பது நுரையீரலின் உள்ளே, காற்றுப் பைகளுக்குள். ஒருவர் நெஞ்சுக்குள் இப்படி 30 முதல் 50 கோடிப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். எந்தப் பைக்குள் ஊசியை விடுவது? விட்டால் நீர் வராது, நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசியும். அது இன்னொரு ஆபத்து.

சரி, காற்று இருக்க வேண்டிய பைக்குள் நீர் எப்படி வந்தது?

ஒவ்வொரு பையையும் சுற்றி ரத்த நுண்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு சுவர்கள்: ரத்தக் குழாயின் சுவர், பையின் சுவர். இரண்டையும் சேர்த்தே மெலிந்த இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆக்சிஜன் தாண்டிப் போக வேண்டுமே, அதனால்தான் அவ்வளவு மெல்லிசு. இத்தனை மெல்லிய சுவருக்கு ஒரு பக்கம் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க, மறுபக்கம் நனையாமல் இருக்கிறது. எனக்கு இத்தனை வருடம் கழித்தும் இது ஆச்சரியம்தான்.

நனையாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் புரதம். ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு எல்லாவற்றையும் நீக்கினால் மிஞ்சுவது பிளாஸ்மா என்ற இளமஞ்சள் திரவம். அதில் 100 மி.லி.க்கு 6 முதல் 8 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஆல்புமின். கல்லீரல் தினமும் தயாரித்து அனுப்புவது. ஒரு ஆல்புமின் மூலக்கூறு, ஒரு தண்ணீர் மூலக்கூறைப்போல சுமார் 3,700 மடங்கு எடை. தண்ணீர் நுழைகிற சந்துகளில் இது எளிதில் நுழையாது. குழாய்க்குள்ளேயே தங்கிக்கொண்டு, தண்ணீரையும் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும்.

இந்த இழுபறியை 1896-இல் விளக்கியவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, புரதம் உள்ளே இழுக்கிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் 120/80 எல்லாம் அங்கே கிடையாது. புரதத்தின் இழுப்போ சுமார் 25. கொஞ்சம் நீர் எப்படியும் கசியும். அதை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போய்விடும். பை உலர்ந்தே இருக்கும்.

இந்த ஏற்பாடு இரண்டு விதமாகக் கெடலாம். அந்த அண்ணனிடம் இதைச் சொல்லத் தொடங்கியபோது அவரே எனக்கு உவமை எடுத்துக் கொடுத்துவிட்டார். “கண்மாய் நெறஞ்சு மறுகால் போறது ஒண்ணு. கரையில எலி வளை போட்டுக் கசியறது ஒண்ணு. அதானம்மா?” அதேதான்.

மறுகால் போவது இதயக் கோளாறு. இதயத்தின் இடப்பக்கம் சரியாக இறைக்காவிட்டால் ரத்தம் பின்னுக்குத் தேங்கும், நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறும், நீர் பிதுங்கும். ஆனால் சுவர் சுவராகவே இருப்பதால் பெரும்பாலும் வடிகட்டிய நீர்தான் வரும், புரதம் குறைவு. லேசிக்ஸ் ஊசி போட்டுச் சிறுநீராக வெளியேற்றினால் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறல் இறங்கிவிடுவதைப் பார்க்கலாம். ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்தபடியே திணறி வந்தவர், விடிகாலையில் காபி கேட்பார்.

எலி வளைதான் நம் விஷயம். இங்கே கண்மாயில் நீர்மட்டம் ஏறவில்லை, கரைதான் போய்விட்டது. மருத்துவர்கள் இதை ஏ.ஆர்.டி.எஸ். (கடும் மூச்சுத் திணறல் நோய்) என்பார்கள். கரை உடைந்தால் தண்ணீர் மட்டுமா போகும்? மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். அதுபோல இங்கே புரதமும் சேர்ந்தே கசிகிறது: ஆல்புமின், அதைவிடப் பெரிய ஃபைப்ரினோஜன், எல்லாம்.

வளை தோண்டுவது யார்? பெரும்பாலும் நம் ஆட்களேதான். கிருமியோ, நஞ்சோ, புரையேறி உள்ளே போன வாந்தியோ நுரையீரலைத் தாக்கும்போது, வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளை அங்கே கொட்டும். அது கிருமிக்கும் படும், சுவருக்கும் படும். குழாய்ச் சுவரின் செல்கள் காட்ஹெரின் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை. அழற்சியில் அந்தப் பிடி தளர்ந்து நடுவே சந்து விழுகிறது. அதற்கடுத்த சுவரான பையின் சுவர் இன்னும் இறுக்கமானது. உண்மையில் அதுதான் கடைசிக் காவல். அதுவும் உதிர்ந்தால் வெள்ளம் பைக்குள்.

நுரையீரலே நேரடியாக அடிபட வேண்டும் என்பதுகூட இல்லை. நிமோனியா முதல் காரணம் என்றாலும், வயிற்றில் தொடங்கிய சீழ், கணைய அழற்சி, விபத்தில் தொடை எலும்பு முறிவு, தீக்காயம் எதுவானாலும் ரத்தத்தின் வழியே அழற்சி நுரையீரலுக்கு வந்து சேரலாம். நம் பக்கத்தில் மழைக்குப் பிறகு வரும் உண்ணிக் காய்ச்சலையும் நான் சேர்த்துச் சொல்வேன். காட்டு வேலைக்குப் போனவர் ஒரு வாரக் காய்ச்சலை மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு, மூச்சு வாங்கும்போதுதான் வருவார். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பிக்கும் அப்படித்தான், பொருக்கு முழங்காலுக்குப் பின்னால் இருந்தது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த இடத்துக்கு வருகிறேன். பைக்குள் வெறும் தண்ணீர் போயிருந்தால் பிரச்சினை பாதிதான். போனது கஞ்சி.

வேட்டிக்குக் கஞ்சி போட்டவர்களுக்குத் தெரியும். சோறு வடித்த கஞ்சியில் முக்கும்போது வேட்டி தொளதொளவென்றுதான் இருக்கும். காய்ந்ததும் அட்டைபோல விறைக்கும். மடிப்போடு காயவிட்டிருந்தால் இரண்டு மடிப்பும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ‘சர்ர்’ என்று சத்தம் வரும். நுரையீரலில் படிவது மாவுச்சத்து அல்ல, புரதம். ஆனால் காரியம் ஒன்றுதான். வெளியே வந்த ஃபைப்ரினோஜன் அங்கேயே உறைந்து ஃபைப்ரின் இழையாகிறது. காயத்தின்மேல் ரத்தம் உறையும்போது பின்னுகிற அதே இழை. செத்த செல்களும் மற்ற புரதங்களும் அதில் சிக்கி, பையின் உட்சுவரில் ஒரு படலமாகப் படிகின்றன. திசுவைச் சீவிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பைகளின் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு ரிப்பன் ஒட்டியதுபோல இருக்கும். ஹையலின் படலம் என்று பெயர்.

1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்கள் ஆஷ்பா, பிகலோ, பெட்டி, லெவின் என்ற நால்வர் வெறும் 12 நோயாளிகளை வைத்து இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். சிலருக்கு விபத்து, சிலருக்கு வைரஸ், ஒருவருக்குக் கணையம் என்று காரணம் வெவ்வேறாக இருந்தது, நுரையீரல் மட்டும் ஒரேபோல இருந்தது. குறைப்பிரசவக் குழந்தைகளின் நுரையீரலைப்போல இருக்கிறதே என்பதுதான் அவர்களின் வியப்பு.

அந்த ஒப்பீடு சும்மா இல்லை. குறைமாதக் குழந்தைக்கு இல்லாதது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பூச்சு. மாட்டுத்தாவணியில் காய் வாங்கும்போது கடைக்காரர் பாலித்தீன் பையைப் பிரிக்கப் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். பைக்குள் ஈரம் பட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, ஊதினாலும் பிரியாது. நம் காற்றுப் பைகளும் உள்ளே ஈரம்தான். ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பூச்சு. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. கசிந்து வந்த பிளாஸ்மா புரதங்கள் செய்யும் மோசமான வேலை, இந்தப் பூச்சை வேலை செய்யவிடாமல் தடுப்பது. நீரின் பரப்பில் அது நிற்க வேண்டிய இடத்தில் இவை போய் உட்கார்ந்துகொள்கின்றன. பூச்சைத் தயாரிக்கும் செல்களும் அடிபட்டிருக்கும். நீர் புகாத பைகள்கூட ஒவ்வொரு மூச்சு விடும்போதும் சுருங்கி ஒட்டிவிடுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. புரதம் தண்ணீரை இழுக்கும் என்றோமே, இப்போது அது சுவரின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. குழாய்க்குள் இருந்து காத்துக்கொண்டிருந்த அதே இழுப்பு, இப்போது எதிர்க்கட்சி.

விளைவு என்னவென்று எண்ணில் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. தமனி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, நாம் கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுக்க வேண்டும். நலமாக இருப்பவர் சாதாரணக் காற்றில் (ஆக்சிஜன் 21 சதவீதம்) 90 வைத்திருப்பார், 90-ஐ 0.21-ஆல் வகுத்தால் 400-க்கு மேல். தம்பிக்கு 60 சதவீதம் ஆக்சிஜன் கொடுத்தும் 72-தான், 72-ஐ 0.6-ஆல் வகுத்தால் 120. 2012-இல் வெளியான பெர்லின் வரையறைப்படி 300-க்குக் கீழே வந்தாலே இந்த நோய், 200-க்குக் கீழே நடுத்தரம், 100-க்குக் கீழே கடுமை. கூடவே, எக்ஸ்-ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை படர்ந்திருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும், இதயத்தாலோ அதிகத் திரவத்தாலோ மட்டும் வந்ததாக இருக்கக் கூடாது.

இதயத்து நீரா, கசிவு நீரா என்று நீரையே எடுத்துப் பார்த்தும் சொல்லலாம். டியூப் வழியே சக்‌ஷன் போடும்போது வரும் நீரில் உள்ள புரதத்தை ரத்தத்தின் புரதத்தோடு ஒப்பிட்டால், ரத்தத்தில் உள்ளதில் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சுவர் உடைந்த கசிவு என்று கொள்வார்கள். அன்றாடம் யாரும் செய்வதில்லை, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் சக்‌ஷன் போடும் எங்கள் கண்ணுக்கு ஓரளவு தெரியும். இதயத்து நீர் சோப்பு நுரைபோல, சிலசமயம் ரோஸ் நிறத்தில் பொங்கி வரும். இது மஞ்சளாக, சற்றே பிசுபிசுப்பாக டியூபில் நிற்கும். கண்ணை மட்டும் நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது.

இப்போது சிகிச்சை. அண்ணனின் அடுத்த புகார் இதுதான்: “என்ன சிஸ்டர், நேத்தெல்லாம் பாட்டில் ஏறுச்சு. இன்னிக்கு ஒண்ணையும் காணோம். கவனிக்க மாட்டேங்கிறாகளா?” நம் ஊரில் பாட்டில் ஏறினால்தான் வைத்தியம். எலி வளை இருக்கிற கரையில் நீர்மட்டத்தைக் குறைத்தால் கசிவும் குறையுமா இல்லையா என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். 2006-இல் வெளியான, 1,000 நோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், ரத்த அழுத்தம் நிலைபெற்ற பிறகு திரவம் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்கள் சீக்கிரம் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள். இறப்பு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வென்டிலேட்டர். அது நீரை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது காற்றைத் தள்ளுகிறது. மூச்சை வெளியே விடும்போதும் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைத்து, பைகள் ஒட்டிப்போகாமல் பிடித்துக்கொள்கிறது. சுவர் ஆறும்வரை ஆளைக் காப்பாற்றி வைப்பதுதான் அதன் வேலை. அதையும் முரட்டுத்தனமாகச் செய்தால் அதுவே எலியாகிவிடும். 1974-இல் நல்ல நுரையீரல் உள்ள எலிகளுக்கு அதிக அழுத்தத்தில் காற்றை ஏற்றிப் பார்த்தார்கள். (இது நிஜ எலி!) ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இழுத்து விரித்ததிலேயே சுவர் விட்டுப்போனது.

தம்பியின் நுரையீரலில் திறந்திருப்பதே கொஞ்சம் பைகள்தான். முழு நுரையீரலுக்கான காற்றை ஏற்றினால் அத்தனையும் அந்தக் கொஞ்சத்தின் தலையில் விழும். ஆகவே ஒரு மூச்சுக்கு, கிலோவுக்கு 6 மி.லி. என்ற கணக்கு. அதுவும் ஆளின் எடைக்கு அல்ல, உயரத்துக்குரிய எடைக்கு. தொப்பை வைத்தால் நுரையீரல் வளர்வதில்லையே. முதல் நாள் நாங்கள் இஞ்ச் டேப்பை வைத்துப் படுக்கையிலேயே ஆளை அளப்பது இதற்குத்தான். 165 செ.மீ. உள்ள ஆணுக்குரிய எடை 61.5 கிலோ, ஒரு மூச்சு சுமார் 370 மி.லி. 2000-இல் வெளியான ஆய்வில் 861 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 12 மி.லி.யும் மற்றவர்களுக்கு 6 மி.லி.யும் கொடுத்தார்கள். இறந்தவர்கள் முதல் பிரிவில் சுமார் 40 சதவீதம், இரண்டாவதில் 31. புது மருந்து எதுவும் இல்லை. மூச்சைச் சின்னதாக்கினார்கள், அவ்வளவுதான்.

குப்புறப் படுக்க வைப்பதும் இதே கதைதான். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் கனத்துப்போன நுரையீரலும் இதயமும் அதன்மேல் அழுத்தும். குப்புறப் போட்டால் நசுங்கிக் கிடந்த பைகள் திறக்கும், காற்று பரவலாகப் போகும். 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புற வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே இருந்தவர்களில் சுமார் 33. டியூபும் லைனும் மானிட்டர் வயரும் கழன்றுவிடாமல் ஒருவரைத் திருப்ப ஐந்து பேர் வேண்டும். முகம் வீங்கிப்போகும். பார்க்க வரும் வீட்டார் பதறிவிடுவதால், முன்கூட்டியே சொல்லி வைப்பது என் வழக்கம்.

ஆல்புமின் பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். “புரோட்டீன்தான கசியுது, அதை வாங்கி ஏத்திட்டா?” சுவரில் சந்து இருக்கும்வரை ஏற்றுகிற ஆல்புமினில் ஒரு பங்கும் அந்த வழியே போய்ச் சேரும். சில நிலைமைகளில் மருத்துவர்கள் கொடுப்பார்கள்தான், ஆனால் இது ஓட்டையை அடைக்கும் மருந்து அல்ல. இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு: புரதம் கசிவதால் முட்டை, பருப்பெல்லாம் ஆகாது என்று ஒரு அக்கா, மூக்கு வழியே வயிற்றுக்கு விட்ட ரைல்ஸ் டியூபில் கொடுக்கும் கஞ்சியில் புரோட்டீன் பவுடர் கலக்க வேண்டாம் என்று சண்டைக்கே வந்துவிட்டார். தின்னும் புரதம் வயிற்றில் சிறு துண்டுகளாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும்; அது நேரே நுரையீரலுக்குப் போவதில்லை. படுக்கையில் கிடப்பவரின் சதை கரைந்துகொண்டிருக்கும். அவருக்குப் புரதம் கட்டாயம் வேண்டும்.

நீர் எப்படித்தான் வடியும்? பையின் சுவரில் உள்ள செல்கள் சோடியத்தை உள்ளிருந்து வெளியே இறைத்துத் தள்ளுகின்றன. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். புரதம் அப்படிப் போகாது. மிக மெதுவாகத்தான் வெளியேறும். ஃபைப்ரினைக் கரைக்கவும் தின்று தீர்க்கவும் நொதிகளும் விழுங்கு செல்களும் நாள்கணக்கில் வேலை செய்ய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. தண்ணீர் முதலில் போய்விடுவதால், குணமாகும்போது பைக்குள் மிஞ்சிய நீரில் புரதத்தின் அடர்த்தி கூடும். கஞ்சி சுண்டுவதுபோல. 1990-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் இப்படி அளந்து பார்த்தபோது, முதல் 12 மணி நேரத்தில் அடர்த்தி ஏறியவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். இறைக்கும் சுவர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. 50 நாடுகளில் 2014-இல் எடுத்த கணக்கின்படி, இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு நால்வர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு அந்தப் படலம் சரியாகக் கரையாமல், அதைச் சாரமாகப் பிடித்துக்கொண்டு தழும்புத் திசு வளர்ந்துவிடும். பலருக்கு நுரையீரல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வருகிறது. கை கால் பலம் வரத்தான் அதைவிட நாளாகும்.

தம்பி 19-ஆம் நாள் வார்டுக்கு மாறினார். டாக்ஸிசைக்ளின் காய்ச்சலை முதல் வாரத்திலேயே அடக்கிவிட்டது. மற்ற நாளெல்லாம் கஞ்சி வடியக் காத்திருந்ததுதான். மூன்று பந்து வைத்த ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்தேன். எல்லோரையும்போல அவரும் வாயில் வைத்து ‘ஃபூ’ என்று ஊதினார். பந்து அசையவில்லை. “ஊதாதீங்க தம்பி, உறிஞ்சுங்க. உள்ள இழுத்தாத்தான் பை விரியும்.” இழுத்தார். ஒரு பந்து எழும்பி, நடுங்கி, விழுந்தது. இருமினார். அண்ணன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார், மணிக்குப் பத்துத் தடவை என்று நான் சொன்ன கணக்கில் இன்னும் எட்டு பாக்கி இருந்தது.